எழுபத்தைந்தாவது பிள்ளையின் விருப்பம்

மேடையில் போட்டிருந்த ஐந்து நாற்காலிகளில் ஓரத்து நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. மரகதவல்லிக்கு அது தெரியும், தெரிந்துதான் அதில் உட்கார்ந்தாள், விழுந்துவிடுவோமோ என்ற கவலை ஒன்று இருந்தால்தான் இந்த ஆள் பேசி முடிக்கும்வரை கண் மூடாமல் இருக்க முடியும். இந்த ஆள் என்றால் முனைவர் கதிர்வேந்தன், பைபாஸ் ரோட்டில் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர் சேர்க்கைப் பிரிவு, கல்லூரிப் பெயர் போட்ட இருநூறு பேனாக்களைப் பெட்டியோடு இறக்கிவிட்டுத்தான் மேடையேறினார். முனைவர் பட்டம் எதில் வாங்கினார் என்று அழைப்பிதழிலும் இல்லை, அவர் வாயிலும் வரவில்லை. ‘மாணவச் செல்வங்களே, ஒங்க ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு சிங்கம் தூங்கிக்கிட்டிருக்கு’ என்றார். சிங்கம் மட்டுமா தூங்குகிறது, நாலாவது வரிசையில் மூன்று பிள்ளைகளும் தூங்குகிறார்கள், மத்தியானம் சாம்பார் சாதம், மூன்று மணி வெயில், தகரக் கூரை, சிங்கத்தையும் சேர்த்துத்தான் சாய்க்கும். பின்னால் பேனரில் ‘உயர்கல்வி வழிகாட்டி விழா’ என்று எழுதி, கீழே கறுப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் பட்டச்சுருளைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள், மதுரைப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட அவள்தான் கிடைத்தாள். மரகதவல்லிக்கு வழிகாட்டி ஆசிரியை என்கிற பதவி மட்டும் யோக்கியமாகவா வந்தது? இந்தப் பள்ளியில் ஆசிரியர் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில்தான் புதுப் பொறுப்பு விழும், எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். போன வருஷம் ஜூனில் அவள் பல் பிடுங்கப் போன அன்றைக்குப் பார்த்துக் கூட்டம் போட்டார்கள். மறுநாள் வீங்கின கன்னத்தோடு வந்தவளிடம் தலைமையாசிரியை எமிலி கையைக் குலுக்கி ‘வாழ்த்துகள் மரகதம்’ என்றார், எதற்கு வாழ்த்து என்று கேட்க வாயைத் திறக்க முடியவில்லை. நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளின் எதிர்காலம் அவள் கைக்கு வந்தது இப்படித்தான், ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக.

முன்வரிசையில் அழகுமீனா உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று மரகதவல்லி ஒரு மணி நேரமாக முடிவு எடுத்துக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தரம் பார்த்தாள். பிளஸ் டூ முடித்துப் போனவள், இன்றைக்கு முன்மாதிரி மாணவியாக அழைத்திருந்தார்கள், மடியில் மஞ்சள் ஃபைல், ஃபைலுக்குள் கம்ப்யூட்டர் தேர்வு கொடுத்த அந்த மூன்று பக்க அறிக்கை. அறிக்கையை நம்பி வனவியல் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள், இடமும் கிடைத்துவிட்டது, எங்கேயோ மலையடிவாரத்தில் ஹாஸ்டலோடு நாலு வருஷம். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். இடமும் கையில் இருக்கிறது, வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வனவியலுக்கு இணையதளத்தில் சம்மதம் அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். காலையில் எமிலி இதையெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார், ‘நம்ம டெஸ்டாலதான் மரகதம், ஒரு பிள்ளை வாழ்க்கையே மாறிருச்சு பாரு’ என்றார். மரகதவல்லிக்கு அப்போது பிடித்த குளிர் இன்னும் விடவில்லை. நம்ம டெஸ்ட்! போன நவம்பரில் ஒரு சாயங்காலம், விருப்பமறி தேர்வு என்று பெயர், பிள்ளைக்குத் தொண்ணூறு கேள்வி. மிகவும் பிடிக்கும், பிடிக்கும், பரவாயில்லை, பிடிக்காது, அறவே பிடிக்காது. பிள்ளைகளே உட்கார்ந்து பதில் போட வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது, சுற்றறிக்கைக்கு என்ன, கம்ப்யூட்டர் பத்தில் ஆறுதான் உயிரோடு இருப்பது அதற்குத் தெரியுமா, அந்த ஆறிலும் நெட் ஒரு நேரம் வரும் ஒரு நேரம் வராது என்பது தெரியுமா. கடைசி நாளன்றைக்கு எமிலி கம்ப்யூட்டர் ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார், மற்ற பள்ளியெல்லாம் நூறு சதவீதம் ஏற்றிவிட்டார்களாம், நாம் மட்டும் பூஜ்யமாம், வாட்ஸ்அப் குழுவில் சிவப்புக் கலரில் பெயர் வருகிறதாம். ‘எப்பிடியாவது ஏத்திருங்க மரகதம்.’ எப்படியாவது என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் இந்த நாட்டில் எல்லாக் காரியமும் நடக்கிறது. மூன்று மணிக்கு உட்கார்ந்தாள், ஏழு மணிக்கு எழுந்தாள், நூற்றுப் பதினெட்டுப் பேருடைய விருப்பத்தையும் அவளே போட்டாள். முதல் பத்துப் பேருக்குக் கொஞ்சம் மனச்சாட்சி இருந்தது, இந்தப் பிள்ளை படம் நன்றாக வரையும், இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யோசித்துப் போட்டாள். அப்புறம் விரல் போன போக்கு. ஒரு பிள்ளைக்கு எல்லாம் பிடிக்கும், அடுத்த பிள்ளைக்கு எல்லாம் பரவாயில்லை, இன்னொருத்திக்கு ஒன்று விட்டு ஒன்று. எதைப் போட்டாலும் அந்த யந்திரம் கூச்சமே இல்லாமல் ஒரு தொழிலைச் சொன்னது, மேலாண்மை, கணக்கியல், விருந்தோம்பல், அழகுக்கலை. எல்லாமே பரவாயில்லை என்று சொன்ன பிள்ளைக்கு நீதித்துறை வந்தது. அறிக்கை எப்படி வந்தது என்று பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை, கம்ப்யூட்டரே கணித்தது என்று நினைத்துக்கொண்டார்கள் என்று அவளும் இருந்துவிட்டாள்.

எழுபத்தைந்தாவது எண்ணில்தான் சிக்கல். தனியாக நெடுந்தூரம் நடக்கப் பிடிக்குமா என்று ஒரு கேள்வி, அதை அதற்குமுன் எழுபத்துநாலு தடவை கண்ணால் கடந்திருந்தாள், எழுபத்தைந்தாவது தடவை என்ன கேடுகாலமோ, நின்று வாசித்தாள். முதுகு வலித்தது, பக்கத்துக் கழிப்பறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. மிகவும் பிடிக்கும் என்று போட்டாள். பெயர் தெரியாத செடியைக் கண்டால் நின்று பார்ப்பீர்களா? பார்ப்பேன், அறிவு கெட்டவனே, அதற்குத்தானே தாவரவியல் எடுத்தேன். ஒரே வேலையைத் தினமும் செய்தால் சலிப்பு வருமா? இருபத்து மூன்று வருஷமாக அதே ஒளிச்சேர்க்கை, அதே படம், அதே அம்புக்குறி, வருமா என்று கேட்கிறான். பிறர் சொல்லுக்கு இணங்கிப் போவது எளிதாக இருக்குமா? அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் கை நகரவில்லை. தொண்ணூறையும் தனக்கே போட்டுக்கொண்டாள், பதினெட்டு வயசு மரகதவல்லிக்குப் போட்டுக்கொண்டாள், கடைசியில் பொத்தானை அழுத்தினால் மேலே அழகுமீனா என்ற பெயரும் கீழே ஒரே வரியும் வந்தன. வனவியல், வன உயிர்க் கள ஆய்வு, பொருத்தம் தொண்ணூற்றிரண்டு விழுக்காடு. அவள் சிரித்தாள் என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தொண்ணூற்று மூன்றாம் வருஷமே தெரிந்த சங்கதி, கம்ப்யூட்டர் இல்லாமலே தெரிந்த சங்கதி. அன்றைக்கு வனவியல் படிப்பு நேர்முகத் தேர்வுக்கு அவளுக்கு அட்டை வந்தது, நீல மையில் அவள் பெயர் தட்டச்சு செய்திருந்தது, ‘வ’ மட்டும் அரை வரி இறங்கியிருந்தது. அப்பா கோபக்காரர் இல்லை. கோபக்காரராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார், யாரிடம் விசாரித்தார் என்றால் எதிர்வீட்டில் குடியிருந்த பேங்க் கிளார்க்கிடம், அந்த ஆளுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும், காலண்டரில் பார்த்திருப்பான். ‘பொம்பளப் பிள்ளைக்குக் காட்டுல என்ன சார் வேல, பேசாம பி.எட்.டுக்குப் போற மாதிரி ஒரு டிகிரியப் போடுங்க’ என்று பல் குத்திக்கொண்டே சொன்னான், மரகதவல்லி சமையலறை ஜன்னலில் நின்று கேட்டாள். ஒரு கிளார்க்கின் வாய் போதும், அன்றைக்கு வழிகாட்டி மையம் அதுதான், பேனர் இல்லை, பேனா இல்லை, சால்வை இல்லை. அப்பா அந்த அட்டையைக் கிழிக்கக்கூட இல்லை, அதன் பின்பக்கத்தில் கேஸ் சிலிண்டர் பதிவு எண்ணை எழுதி வைத்தார், ரொம்ப நாள் அலமாரிக் கதவில் குத்தியிருந்தது.

கைதட்டல் கேட்டது, மரகதவல்லியும் தட்டினாள், எதற்கென்று தெரியாது. கதிர்வேந்தன் இப்போது இடது கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தியிருந்தார், முக்கியமான விஷயம் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். ‘அம்மா அப்பாவுக்கு ஒங்க மேல ஆச இருக்கும், டீச்சருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும், ஆனா கம்ப்யூட்டருக்கு ஆசாபாசம் கெடையாதும்மா. உள்ளத உள்ளபடி சொல்லும்!’ த்தூ என்று வந்தது அவளுக்கு, விழுங்கினாள். உள்ளதை உள்ளபடி! எவள் உள்ளத்தை எவள்படி? இந்த அயோக்கியனைத் திட்டலாம், எமிலியைத் திட்டலாம், தொண்ணூறு கேள்வியை எழுதின மகானைத் திட்டலாம், பொத்தானை அழுத்தின விரல் யாருடையது? அழகுமீனா உயிரியல் பிரிவில் இரண்டு வருஷம் அவள் வகுப்பில் இருந்தவள், அவளைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்தால் கையெழுத்து மட்டும்தான் ஞாபகம் வருகிறது, வலது பக்கம் சாய்ந்த கையெழுத்து. காட்டில் பாம்பு இருக்கும், அட்டை இருக்கும், அந்தப் பிள்ளைக்குப் பல்லியைக் கண்டாலே பயமாக இருக்கலாம். ஒரு வருஷத்தில் அழுதுகொண்டு திரும்பி வருவாள், அதற்குள் பி.காம். இடமும் போயிருக்கும், வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். சொல்லிவிட வேண்டும். சொன்னால் எமிலி விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பார், நூறு சதவீதம் கேட்ட அதே கையால் கொடுப்பார், கொடுக்கட்டும். ஆனால் சொன்னால் அந்தப் பிள்ளை பி.காம்.தான் போகும். போனால் என்ன, பி.காம். படித்தவர்கள் செத்தா போய்விட்டார்கள்? இல்லை, சாகவில்லை, யாரும் சாகவில்லை, அவள்கூடச் சாகவில்லையே, பென்ஷன் வரும் வேலை, சொந்த வீடு, பிடுங்கின பல்லுக்குப் பதில் புதுப் பல். சொல்லக் கூடாது என்று தனக்குத் தோன்றுவது அந்தப் பிள்ளைக்காகவா, எங்கேயாவது ஒரு மரகதவல்லி அந்தக் காட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்ற நப்பாசையா? அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது, காலை ஊன்றிக்கொண்டாள். அதற்குள் எமிலி மைக்கில் அழகுமீனாவைக் கூப்பிட்டுவிட்டார். பிள்ளை மேடையேறி, தமிழ் ஐயா எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தது, ‘என் அகக்கண்ணைத் திறந்த அந்த அறிக்கைக்கும், அதற்கு வித்திட்ட என் ஆசிரியைக்கும்’ என்று மரகதவல்லி பக்கம் திரும்பிக் கும்பிட்டது. இருநூறு பேரும் தட்டினார்கள், தூங்கின மூன்று பேரும் எழுந்து தட்டினார்கள். அந்தப் பிள்ளைக்குச் சால்வை போர்த்தினார்கள், நைலான் சால்வை, இந்த வெயிலில்.

நாலு பத்துக்கு விழா முடிந்தது. கதிர்வேந்தன் காரில் ஏறும்போது அவளிடமும் ஒரு விசிட்டிங் கார்டு நீட்டினார், அதில் இரண்டு முனைவர் போட்டிருந்தது. அவர் போனதும் மரகதவல்லி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்த அழகுமீனாவைக் கையைப் பிடித்து உயிரியல் ஆய்வகத்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு மணி நேரம் யோசித்ததெல்லாம் மறந்துபோனது.

‘மீனா, அந்த டெஸ்டு இருக்குல்ல, கம்ப்யூட்டர்ல போட்டது. அது நீ போட்டதில்லம்மா. நான் போட்டது. ஒனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் நாந்தான் போட்டேன். அத நம்பி நீ போகக் கூடாது.’

‘தெரியும் டீச்சர்.’

‘என்ன தெரியும்?’

‘நாங்க யாரும் அதப் போடவே இல்லையே டீச்சர். ரிப்போர்ட்டுல இருக்கிற தேதிக்கு நான் லீவு வேற. அக்கா மகனுக்குக் காதுகுத்து. நான் இல்லாமயே எனக்கு ரிப்போர்ட் வந்திருக்குன்னு அப்பவே சிரிச்சோம்.’ சால்வையை நாலாக மடித்து ஃபைலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

‘சிரிச்சீங்களா? பெறகு ஏண்டி இம்புட்டுத் தூரம் கொண்டுவந்த?’

‘வீட்டுல அப்பா வாசிக்கச் சொன்னாரு. காடு, மலை, வன ஆய்வுன்னு வாசிச்சேன். யாரு சொன்னதுன்னாரு. கம்ப்யூட்டருன்னேன். ரெண்டு நாள் ஒண்ணுமே பேசல டீச்சர். மூணாம் நாள், அப்பிடின்னா அப்ளிகேசன் போடுன்னாரு. இதே நான் வாயத் தொறந்து கேட்டிருந்தா விட்டிருப்பாரா?’

அவ்வளவு நேரம் மரகதவல்லி மேடையில் உட்கார்ந்து யாருக்காகப் பயந்தாளோ, அந்தப் பிள்ளை இவளைவிடக் கெட்டிக்காரியாக எதிரே நிற்கிறது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ‘அது கெடக்கட்டும். ஒனக்குக் காடு பிடிக்குமா, அதச் சொல்லு’ என்றாள்.

‘தெரியல டீச்சர். பாத்ததில்ல.’ என்றாள் அழகுமீனா. ‘பி.காம். பாத்திருக்கேன். எங்க அக்கா படிச்சா.’

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று மரகதவல்லி கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயம் அது, கல்யாணம் ஆனதும் சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடும், பீரோச் சாவி மாமியார் இடுப்பில் இருக்கும். தொண்ணூறு கேள்வி எழுதினவனுக்கு இந்த ஒரு பதில் தெரியுமா என்று நினைத்தாள். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? மிகவும் பிடிக்கும் இல்லை, பரவாயில்லை இல்லை. பதினெட்டு வயசில் அவளுக்கு இவ்வளவு தைரியம் இருந்ததா என்றால் இல்லை, அவளுக்குப் பிடித்தது மட்டும்தான் தெரிந்திருந்தது, பிடித்ததைத் தெரிந்து வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலில் நின்றாள். இவளுக்குப் பிடித்தது தெரியாது, தப்பிக்கத் தெரிகிறது.

‘நேத்து பெரியப்பா வந்து கொழப்பிவிட்டுட்டுப் போயிட்டாரு டீச்சர்’ என்றாள் பிள்ளை, இப்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கியது. ‘சம்மதம் அழுத்துனா ஓடிபி நம்பரு அப்பா போனுக்குத்தான் வரும். ஒங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் குடுப்பேன்னு வெளிய நிக்கிறாரு. அஞ்சு மணியோட முடிஞ்சுரும்.’ மணி நாலு முப்பத்தைந்து.

அழகுமீனாவின் அப்பா சோணைமுத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், விசேஷத்துக்கு வருகிற மாதிரி வெள்ளைச் சட்டை, டீச்சரைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். ரிங் ரோட்டில் லாரி நிறுக்கும் எடைமேடையில் வேலை என்று பிள்ளை சொன்னாள். ‘வணக்கம் டீச்சர். எனக்கு இந்தப் படிப்பெல்லாம் வெளங்காது’ என்று ஆரம்பித்தார். ‘எங்க மேடையில ஒரு நாளைக்கு நூறு லாரி ஏறுது. டிரைவரு கொறச்சலும்பான், யாவாரி கூடுதலும்பான், அடிதடி வரைக்கும் போகும். மெஷின்லருந்து சீட்டு வந்திருச்சுன்னா ரெண்டு பேரும் வாய மூடிக்கிருவாங்க. அது பொய் சொல்லாதுல்ல. இதுவும் அப்பிடித்தானே டீச்சர்? அண்ணன் என்னடான்னா, பொம்பளப் பிள்ளைக்குக் காட்டுல என்ன வேலைங்கிறாரு.’

அதே வார்த்தை, முப்பது வருஷத்துக்கு அப்புறமும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் வருகிறது, இவர்கள் எல்லாரும் எங்கேயாவது ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்களா? மரகதவல்லிக்குக் கோபம் காது மடல்வரை ஏறியது. உண்மையைச் சொல்லலாம். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை ஐயா, நான்தான் சொல்கிறேன், உங்கள் மகளை அனுப்புங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். சொன்னால் இந்த மனுஷர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், கும்பிடுவார், வீட்டுக்குப் போய் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்பார், அதற்குள் ஐந்து மணி அடித்துவிடும். ஒரு பொம்பளை சொல்வது ஒரு பொம்பளை சொல்வதுதான், சீட்டு ஆகாது. பிள்ளை பக்கத்தில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றது.

‘கம்ப்யூட்டருக்கு ஆசாபாசம் கெடையாதுங்க’ என்றாள் மரகதவல்லி. கதிர்வேந்தனின் அதே தாழ்ந்த குரல் தன் தொண்டையிலிருந்து வந்தது அவளுக்கே கேட்டது. ‘உள்ளத உள்ளபடி சொல்லும்.’

சோணைமுத்து தலையாட்டினார். பையில் கையை விட்டார், எடுக்கவில்லை. ‘ஒண்ணு கேக்கலாமா டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்களுக்கு இதப் போட்டுப் பாத்திருக்கீங்களா?’

குழாய் சொட்டும் சத்தம், ஆய்வகத்துச் சாயங்காலம், நீல மை, அரை வரி இறங்கின எழுத்து. ‘போட்டுப் பாத்தேன்’ என்றாள்.

‘என்னன்னு வந்துச்சு?’

அழகுமீனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் மார்போடு அணைத்திருந்த ஃபைலுக்குள் மூன்று பக்கமும் பத்திரமாக இருந்தன.

‘டீச்சர் வேலைன்னு வந்துச்சுங்க.’

‘பாத்தீங்களா! அப்பச் சரியாத்தான் சொல்லியிருக்கும்’ என்று சோணைமுத்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போனை எடுத்து நீட்டினார். பிள்ளை சம்மதம் அழுத்தியதும் அதில் ஓடிபி வந்தது, எழுத்து பொடியாக இருந்தது, மரகதவல்லி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள், பிள்ளை தன் கையிலிருந்த இன்னொரு போனில் அவற்றை அழுத்தினாள்.